ஸயன் வில்லியம்சனுக்கு எந்தப் பழைய வீரர் அளவுகோல்?

அமெரிக்கக் கூடைப்பந்தில் ஓர் இளைஞர் கவனம் ஈர்க்கத் தொடங்கினால், அவருடைய சொந்தப் பெயர் ரசிகர்களுக்குப் பழகும் முன்பே ஒரு பழைய வீரரின் பெயரை அவர்மேல் ஏற்றிவிடுவார்கள். பொழுதுபோக்குப் பேச்சாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் அணி நிர்வாகங்கள் அந்த ஒப்பீட்டை மனத்தில் வைத்துத்தான் கோடிக்கணக்கான டாலர்களுக்கு ஒப்பந்தம் எழுதுகின்றன. பயிற்சியாளர்கள் அதைக் கொண்டே ஆட்டமுறையை வகுக்கிறார்கள். அந்த இளைஞரும் தான் என்னவாக வேண்டும் என்பதை அந்தப் பெயரிலிருந்தே கற்றுக்கொள்கிறார். நியூ ஆர்லியன்ஸ் பெலிக்கன்ஸ் அணியின் முன்கள வீரர் ஸயன் வில்லியம்சன்மேல் ஏற்றப்பட்ட பெயர் சார்லஸ் பார்க்லி. கல்லூரியில் ஆடியபோதே தொடங்கிய இந்தப் பேச்சு, ஒவ்வொரு முறை அவர் காயத்தால் வெளியேறும்போதும் ‘அடுத்த பார்க்லி ஆகியிருக்க வேண்டியவர்’ என்ற பெருமூச்சாக மாறி, திரும்பி வந்ததும் பழைய நம்பிக்கையாகவே உயிர்பெறுகிறது. இந்த ஒப்பீடு பொருந்தவில்லை என்பதோடு, அவருக்குக் கெடுதலும் செய்கிறது என்பது என் கருத்து. அவருடைய எதிர்காலத்தை அளக்க உதவும் பழைய வீரர் ஒருவர் உண்டு. லாரி ஜான்சன் என்ற அந்தப் பெயரைப் பலர் மறந்துவிட்டார்கள், அல்லது ஒரு காலணி விளம்பரத்துக்காக மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பார்க்லியின் பெயர் எங்கிருந்து வந்தது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். 2018-19இல் டியூக் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய வில்லியம்சன் ஆறடி ஆறு அங்குல உயரமும் சுமார் 129 கிலோ எடையும் கொண்டவர். அவ்வளவு எடையோடு யாரும் அவ்வளவு உயரம் எம்பிப் பார்த்ததில்லை. அந்த ஒரே கல்லூரிப் பருவத்தில் ஆட்டத்துக்கு 22.6 புள்ளிகள் எடுத்தார். எறிந்த பந்துகளில் 68 விழுக்காடு கூடைக்குள் விழுந்தது. வட கரோலினா அணிக்கு எதிரான ஆட்டம் தொடங்கிய சில நொடிகளிலேயே அவருடைய காலணி கிழிந்து பிளந்ததும் அந்த ஆண்டுதான். பார்க்லியும் பட்டியலில் ஆறடி ஆறு அங்குலம், நிஜத்தில் அதைவிடக் குள்ளம். ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் அவருடைய தொந்தியைக் கேலி செய்து பட்டப்பெயர் வைத்தார்கள். பருத்த உடல், குறைந்த உயரம், நம்ப முடியாத வேகம் என்ற மூன்றும் இருவருக்கும் பொது. ஒப்பீடு அங்கே பிறந்து அங்கேயே நின்றுவிட்டது. ஆடுகளத்துக்குள் இருவரும் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் அது உடனே தடுமாறுகிறது.

பார்க்லியின் ஆட்டத்துக்கு அடித்தளம் ரீபவுண்ட். கூடையில் பட்டுத் திரும்பும் பந்தை, தன்னைவிட ஒரு சாண் உயரமானவர்களை இடுப்பால் தள்ளி ஒதுக்கிவிட்டுக் கைப்பற்றுவதில் அவருக்கு இணையானவர்கள் அபூர்வம். 1986-87இல் ஆட்டத்துக்கு 14.6 ரீபவுண்டுகள் எடுத்து என்.பி.ஏ.விலேயே முதலிடம் பிடித்தார். வாழ்நாள் சராசரி 11.7. எடுத்த பந்தை வேறொருவரிடம் கொடுக்காமல் தானே தட்டிக்கொண்டு மறுமுனைவரை ஓடுவது அவருடைய முத்திரை. இல்லாவிட்டால் எதிராளிக்கு முதுகைக் காட்டி, அங்குலம் அங்குலமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே கூடையை நெருங்குவார். இதை அவரும் மார்க் ஜாக்சனும் அளவுக்கு மீறிச் செய்ததால்தான், முதுகு காட்டித் தள்ளுவதற்கு ஐந்து நொடி வரம்பு விதிக்கும் விதியே பின்னாளில் வந்தது. தள்ளுவதும் இடம்பிடிப்பதும் தரையில் நின்று செய்யும் வேலைகள். வில்லியம்சனின் ஆட்டமோ காற்றில் நடக்கிறது. அவர் எந்தப் பருவத்திலும் எட்டு ரீபவுண்டுகளைத் தொட்டதில்லை. ஆறு, ஏழு என்றே நின்றிருக்கிறார். முதல் அடியின் வெடிப்பில் தடுப்பாளரைக் கடந்து, இரண்டாவது அடியில் எம்பி, உடல்கள் மோதும் இடத்தில் பந்தைக் கூடைக்குள் வைத்து, விழுந்த வேகத்தில் தேவைப்பட்டால் மறுபடியும் எம்புவதுதான் அவர் ஆட்டம். 2020-21இல் அவர் எடுத்த 27 புள்ளிகளில் சுமார் 20 கூடையை ஒட்டிய கட்டத்துக்குள்ளிருந்தே வந்தன. ஷகீல் ஓ’நீலின் உச்ச காலத்துக்குப் பிறகு யாரும் செய்யாத காரியம் அது. வேறொருவரின் நகல் என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு வேறுபாடு இதைவிடப் பெரியது. பார்க்லி ஆடினார், அதாவது, களத்தில் இருந்தார். முதல் ஆறு பருவங்களின் 492 ஆட்டங்களில் 468இல் இறங்கினார். பதினாறு பருவங்களில் மொத்தம் 1,073 ஆட்டங்கள், 23,757 புள்ளிகள். வில்லியம்சனின் முதல் ஆறு பருவங்களில், அதாவது 2019-20 முதல் 2024-25 வரை, பெலிக்கன்ஸ் அணி 472 ஆட்டங்கள் ஆடியது. அவர் ஆடியவை 214. பாதிகூட இல்லை. ஒருவரின் சராசரியை மட்டும் பார்த்து அவருடைய ஆற்றலைப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைப்பதே இல்லை. காயத்தைத் திறமைக்கு வெளியே நிற்கும் துரதிர்ஷ்டமாக எண்ணிவிடுகிறார்கள். ‘உடல் மட்டும் ஒத்துழைத்தால்’ என்று தொடங்கும் வாக்கியங்கள் வில்லியம்சனைப் பற்றி எத்தனை ஆயிரம் எழுதப்பட்டிருக்கும்! அவருடைய திறமை அந்த உடலைத் தவிர வேறெங்கே இருக்கிறது?

இப்போது லாரி ஜான்சன். 1990இல் நெவாடா லாஸ் வேகஸ் பல்கலைக்கழகம் தேசியப் பட்டம் வென்றபோது அந்த அணியின் தூண் அவர். இறுதியில் அவர்கள் டியூக்கை 103-73 என்று நசுக்கினார்கள். மறு ஆண்டு கல்லூரிக் கூடைப்பந்தின் பெரிய விருதுகளான நெய்ஸ்மித்தும் வுடனும் அவருக்குக் கிடைத்தன. வில்லியம்சனும் 2019இல் இவை இரண்டையும் வாங்கினார். பார்க்லி 1984இல் ஐந்தாவதாகத் தேர்வானவர். ஜான்சனும் வில்லியம்சனும் அவரவர் ஆண்டின் முதல் தேர்வு. ஜான்சனுக்கும் ஆறடி ஆறு அங்குலம்தான், நூறு கிலோவைத் தாண்டிய தசைக்கட்டு, வெடித்துக் கிளம்பும் முதல் எம்பல். அவரை எடுத்த சார்லட் ஹார்னெட்ஸ் பிறந்து மூன்றே ஆண்டுகள் ஆன அணி. (அந்த ஹார்னெட்ஸ் நிறுவனம்தான் 2002இல் நியூ ஆர்லியன்ஸுக்குக் குடிபெயர்ந்து, 2013இல் பெலிக்கன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. சார்லட் காலத்துச் சாதனைப் பதிவுகளை மட்டும் பிறகு சார்லட்டிலேயே உருவான புது அணிக்கு ஒப்படைத்துவிட்டார்கள். அந்த ஏற்பாடு இல்லையென்றால் ஜான்சனும் வில்லியம்சனும் இன்று ஒரே அணியின் வரலாற்றுப் பக்கத்தில் இருந்திருப்பார்கள்.) முதல் பருவத்தில் ஆட்டத்துக்கு 19.2 புள்ளிகள், 11 ரீபவுண்டுகள், சிறந்த புதுமுக வீரர் விருது. இரண்டாவது பருவத்தில் 22.1 புள்ளிகள், 10.5 ரீபவுண்டுகள். இரண்டு ஆண்டும் ஓர் ஆட்டம் தவறாமல் 82 ஆட்டங்கள். பாட்டி வேடத்தில் டங்க் அடிக்கும் கான்வர்ஸ் விளம்பரத்தால் கூடைப்பந்து பார்க்காதவர்களுக்கும் தெரிந்த முகமானார். 1993இல் சார்லட் அவருடன் 12 ஆண்டுகளுக்கு 8 கோடியே 40 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. என்.பி.ஏ. அதுவரை கண்டதில் மிகப் பெரிய ஒப்பந்தம் அது.

அதே ஆண்டு டிசம்பரில் முதுகு போயிற்று. அந்தப் பருவத்தில் 51 ஆட்டங்களோடு சரி. திரும்பி வந்தவர் வேறு ஆள். அவருடைய புள்ளிவிவரத்தில் ஒரு கோடு கிழித்ததுபோல் அது தெரிகிறது. காயத்துக்கு முந்தைய இரண்டு முழுப் பருவங்களிலும் பத்துக்கு மேல் ரீபவுண்ட் எடுத்தவர், அதன்பின் ஒருமுறைகூட அந்தப் பத்தை எட்டவில்லை. கூடைக்கு மேலே போய்ப் பந்தைப் பிடுங்கும் அந்த எம்பல் போய்விட்டது. அவர் அதைத் தேடிக்கொண்டு உட்காரவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய சங்கதி. புதுமுகமாக இருந்தபோது மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து அபூர்வமாக எறிவார், எறிந்ததும் பெரும்பாலும் விழாது. 1994-95இல் அதே கோட்டுக்கு வெளியிலிருந்து ஏறத்தாழ 39 விழுக்காடு துல்லியத்தோடு எறிந்தார். தடுப்பாளருக்கு முதுகைக் காட்டிக் காத்திருந்து, இரண்டாவது ஆள் தன்னை நோக்கி வரும் கணத்தில் வெறுமையாக நிற்கும் கூட்டாளிக்குப் பந்தைத் தருவதும் அவர் ஆட்டத்தில் வளர்ந்தது. 1996இல் ஆன்டனி மேசன் உள்ளிட்டோருக்கு மாற்றாக அவரை நியூயார்க் நிக்ஸ் வாங்கியது. அங்கே சார்லஸ் ஓக்லி, பேட்ரிக் யூயிங் என்ற இரண்டு பெரிய உடல்களுக்குப் பக்கத்தில் ஸ்மால் ஃபார்வர்டாக இடம் மாறினார். அதற்குப்பின் எந்தப் பருவத்திலும் அவர் சராசரி 16 புள்ளிகளைத் தொடவில்லை. ஆனால் அவர் இருந்த ஐந்து பருவங்களிலும் நிக்ஸ் பிளேஆஃப் சுற்றில் இருந்தது.

1999 ஜூன் 5ஆம் தேதியை நியூயார்க் ரசிகர்கள் மறக்கமாட்டார்கள். கிழக்குப் பிரிவு இறுதியின் மூன்றாவது ஆட்டத்தில், இந்தியானா பேசர்ஸுக்கு எதிராக நிக்ஸ் மூன்று புள்ளிகள் பின்தங்கி நிற்கிறது. பன்னிரண்டு நொடிகள்கூட மிச்சமில்லை. யூயிங் காயத்தில் வெளியே இருக்கிறார். பக்கவாட்டிலிருந்து வந்த பந்தை வாங்கிய ஜான்சன், அன்டோனியோ டேவிஸ் மோதி ஃபவுல் செய்த அதே வேளையில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார். விழுந்தது. ஃப்ரீ த்ரோவும் விழுந்தது. 92-91. அந்தத் தொடரை வென்ற நிக்ஸ், எட்டாவது இடத்திலிருந்து புறப்பட்டு இறுதிப் போட்டிவரை சென்ற முதல் அணியானது. 1992இன் லாரி ஜான்சனால் அந்த எறிவை எறிந்திருக்க முடியாது. அந்த இடத்தில் நின்று எறியும் வீரராகவே அவர் அப்போது இல்லை. முதுகு கெட்டதால் கற்றுக்கொண்ட கை அது. 2001 அக்டோபரில் அதே முதுகுவலி அவரை 32 வயதில் ஓய்வுக்கு அனுப்பியது. ஆனால் அதற்குள் 707 ஆட்டங்கள் ஆடிவிட்டார்.

வில்லியம்சனின் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பருவம் தொடங்குமுன்பே முழங்காலில் அறுவை சிகிச்சை. 2020 ஜனவரி 22 அன்று முதல் முறையாகக் களமிறங்கி, நான்காவது காற்பகுதியில் தொடர்ச்சியாக 17 புள்ளிகள் எடுத்து நாட்டையே நிமிர்ந்து உட்கார வைத்தார். அந்தப் பருவத்தில் 24 ஆட்டங்களே ஆடினார். அடுத்த ஆண்டு 61 ஆட்டங்கள், 27 புள்ளிகள், 61 விழுக்காடு துல்லியம். அந்த ஒரு பருவம்தான் இன்றுவரை அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. 2021 கோடையில் வலது பாத எலும்பு முறிந்து ஒரு பருவம் முழுக்கப் போயிற்று. அதன்பின் 29 ஆட்டங்கள், தொடைப் பின்தசைக் காயம். 2023-24இல் 70 ஆட்டங்கள். 2024-25இல் மறுபடியும் தொடைப் பின்தசை, கடைசியில் முதுகு, மொத்தம் 30 ஆட்டங்கள். எழுபது ஆட்டங்கள் ஆடிய அந்த நல்ல ஆண்டின் முடிவு இவற்றிலெல்லாம் கொடுமையானது. பிளேஆஃபுக்கு நுழைவதற்கான ஆட்டத்தில் லேக்கர்ஸுக்கு எதிராக 40 புள்ளிகள் எடுத்து, மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக மிச்சமிருக்கையில் ஸ்கோரைச் சமநிலைக்குக் கொண்டுவந்தார். அதோடு தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். அணி அந்த ஆட்டத்தில் தோற்றது. அடுத்த ஆட்டத்தில் வென்று பிளேஆஃப் போனாலும், அங்கே ஓக்லஹோமா சிட்டியிடம் நான்குக்கு நான்கு ஆட்டங்களையும் இழந்தது. வில்லியம்சன் பக்கவாட்டில் அமர்ந்திருந்தார். முதல் ஆறு பருவங்களில் அவர் ஆடிய பிளேஆஃப் ஆட்டங்களின் எண்ணிக்கை பூஜ்யம்.

எடுத்த எடுப்பில் வரும் மறுப்பு எனக்குத் தெரியும். ஜான்சன் தன் உச்சத்தில்கூட 2021இன் வில்லியம்சனுக்கு அருகில் வந்ததில்லை. 22 புள்ளிகள் எடுத்தவரை 27 புள்ளிகள் எடுத்தவருக்கு அளவுகோலாக்குவது நியாயமா? ஆட்டத்துக்கு ஆட்டம் ஒப்பிட்டால் வில்லியம்சன்தான் மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த வயதில், அந்தத் துல்லியத்தோடு, அவ்வளவு புள்ளிகள் எடுத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால் ஆட்டத்துக்கு இத்தனை என்ற அளவீடு, ஆடாத நாளைக் கணக்கிலிருந்தே அகற்றிவிடுகிறது. 24 ஆட்டங்களின் சராசரிக்கும் 82 ஆட்டங்களின் சராசரிக்கும் அது ஒரே மரியாதை தருகிறது. என்.பி.ஏ. நிர்வாகமே இதை உணர்ந்துதான், 2023-24 முதல் மதிப்புமிக்க வீரர் உள்ளிட்ட பெரிய விருதுகளுக்கு 65 ஆட்டங்கள் என்ற குறைந்தபட்ச வரம்பை வைத்தது. அந்த ஆறு பருவங்களில் வில்லியம்சன் இந்த எண்ணைத் தாண்டியது ஒரே ஒருமுறை. ஜான்சன் தன் முதல் ஆறு பருவங்களில் 492க்கு 453 ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். முதுகு கெட்ட ஆண்டையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஆகவே ஜான்சனோடு ஒப்பிடுவது வில்லியம்சனைத் தாழ்த்துகிறது என்று சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எனக்கென்னவோ, இன்றைய நிலையில் அந்த ஒப்பீடு அவரை உயர்த்துகிறது என்றே படுகிறது.

எடையை முன்வைப்பவர்களின் மறுப்பு இதைவிடக் கூர்மையானது. பார்க்லியும் குண்டாகத்தான் வந்தார். பிலடெல்பியாவில் மூத்த வீரர் மோசஸ் மலோன் அவரைக் கூப்பிட்டு, நீ குண்டு, சோம்பேறி என்று முகத்துக்கு நேரே சொன்னதாகவும், படிப்படியாக எடையைக் குறைக்க வைத்ததாகவும் பார்க்லியே பலமுறை சொல்லியிருக்கிறார். அதுபோல் வில்லியம்சனும் கட்டுப்பாட்டோடு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும், இது ஒழுக்கப் பிரச்சினை என்பது இவர்கள் வாதம். 2022இல் அவருக்குத் தரப்பட்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் எடை பற்றிய நிபந்தனை உண்டு என்று செய்திகள் வந்ததே, அணியும் இப்படித்தான் யோசித்தது என்பதைக் காட்டுகிறது. எடை குறைவது நல்லது என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் மலோனின் அறிவுரை பலித்ததற்கு ஒரு காரணம் உண்டு. பார்க்லி எடையைக் குறைத்தபோது அவருடைய ஆட்டமுறை கெடவில்லை. தரையில் இடம்பிடிப்பவருக்கு எடை ஒரு கருவி. கொஞ்சம் குறைந்தாலும் இடுப்பும் காலும் வேலை செய்யும். வில்லியம்சனிடம் சிக்கல் எடையோடு முடிவதில்லை. நூற்று இருபது கிலோவுக்கு மேற்பட்ட உடலை அவ்வளவு வேகத்தில் கிளப்பி, நட்ட நடுவில் திசைமாற்றி, பெரும்பாலும் ஒற்றைக் காலில் இறக்குவதை ஓர் ஆட்டத்தில் இருபது முப்பது முறை செய்ய வேண்டியிருக்கிறது. ஓட்டத்தின் உச்சத்தில் இழுபடுவது தொடைப் பின்தசை. இறங்கும்போது பாரம் தாங்குவது பாதமும் முழங்காலும். அவருக்கு அடிபட்ட இடங்களின் பட்டியலும் இதே பட்டியல்தான். பத்து கிலோ குறைந்தாலும் ஆட்டமுறை மாறாவிட்டால் தசைக்கு வேலை குறையாது. லேசான உடல் இன்னும் வேகமாக ஓடும், அவ்வளவே.

ஜான்சன் காலத்து மருத்துவம் வேறு, இன்றைய மருத்துவம் வேறு என்பார்கள். உண்மைதான். முழங்கால் சவ்வுக்கும் எலும்பு முறிவுக்கும் இன்று கிடைக்கும் சிகிச்சை முப்பதாண்டுக்கு முன் நினைத்துப் பார்க்க முடியாதது. ஆனால் அந்தச் சிகிச்சை ஒரு வீரரைக் களத்துக்குத் திரும்ப அனுப்பும், களத்தில் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்லாது. வில்லியம்சன் ஒவ்வொரு முறையும் நன்றாகவே குணமாகித் திரும்பியிருக்கிறார். திரும்பியதும் முன்பு என்ன செய்தாரோ அதையே, அதே வேகத்தில் செய்தார். அவரை வேடிக்கை பார்க்க வந்த அனைவரும் கைதட்டினோம்.

இருந்தாலும், அவர் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய். முதல் பருவத்தில் ஆட்டத்துக்கு 2.1 அசிஸ்டுகள் தந்தவர், ஆடிய ஒவ்வொரு பருவத்திலும் அந்த எண்ணை உயர்த்தி 2024-25இல் 5.3 வரை கொண்டுவந்திருக்கிறார். ஸ்டான் வான் கண்டி பயிற்சியாளராக இருந்தபோது அவரிடமே பந்தைக் கொடுத்து ஆட்டத்தை நடத்தச் சொன்னார். அந்தப் பொறுப்பு அவருக்குள் நன்றாக இறங்கியிருக்கிறது. எழுபது ஆட்டங்கள் ஆடிய 2023-24இல் அவருடைய சராசரி 22.9க்கு இறங்கியதை அப்போது பலரும் சரிவு என்று எழுதினார்கள். அணி அந்த ஆண்டு 49 ஆட்டங்களில் வென்றது. நான் அதை அவருடைய மிகச் சிறந்த பருவம் என்பேன், 2021ஐவிடவும். ஜான்சன் முதுகு கெட்டபின் கற்றுக்கொண்ட இரண்டில் ஒன்றை, அதாவது தன்னை நோக்கி இருவரை இழுத்துவிட்டு மூன்றாமவருக்குக் கொடுப்பதை, வில்லியம்சன் கற்றுவிட்டார். மற்றதை அவர் தொடவே இல்லை. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து அவர் ஆட்டத்துக்கு ஒருமுறைகூட எறிவதில்லை.  முதல் ஆட்டத்தில் நான்கு முறை எறிந்து நான்கையும் விழவைத்தவர் இவர்! எறியவே மாட்டார் என்று தெரிந்த தடுப்பாளர் அவரை விட்டுக் கூடைக்கருகே போய் நிற்கிறார். விளைவு, வில்லியம்சன் எங்கிருந்து புறப்பட்டாலும் உடல்கள் குவிந்திருக்கும் அதே இடத்துக்குள்தான் எம்பியாக வேண்டும். நடுத்தர தூரத்திலிருந்து நின்று எறியும் ஒரு கை அவருக்கு இருந்தால் எதிரணி பயப்படும் என்பது இருக்கட்டும், ஆட்டத்துக்கு ஐந்தாறு எம்பல்களாவது மிச்சமாகும்.

கடைசி மறுப்பு ரசிகருடையது, அதை எளிதில் தள்ள எனக்கு மனமில்லை. பறப்பதைப் பார்க்கத்தானே அவரை எடுத்தோம், தரையில் நின்று பந்து பரிமாறும் வில்லியம்சன் யாருக்கு வேண்டும் என்று கேட்பார்கள். 19 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்தது அதற்காகவா என்று அணி உரிமையாளரும் கேட்கக்கூடும். சார்லட்டிலும் இதையேதான் கேட்டார்கள். காயத்துக்குப் பிந்தைய ஜான்சனைப் பார்த்து, எங்கள் பாட்டி எங்கே போனாள் என்று ஏங்கினார்கள். அவர் 1994-95இல் 81 ஆட்டங்கள் ஆடி ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வானதைப் போதுமானதாக யாரும் எண்ணவில்லை. பார்க்லி என்ற அளவுகோல் கெடுதல் செய்கிறது என்று நான் சொல்வது இந்த இடத்தில்தான். அந்த அளவுகோலை வைத்தால், 18 புள்ளிகளும் ஏழு அசிஸ்டுகளுமாக 75 ஆட்டங்கள் ஆடும் வில்லியம்சன் தோற்றுப்போனவராகத் தெரிவார். ஜான்சனை வைத்தால், அதே வில்லியம்சன் நிக்ஸின் அந்த ஐந்து ஆண்டுகளைவிட ஒரு படி மேலே நிற்பார். ஏனென்றால் ஜான்சனிடம் இல்லாத பந்துக் கட்டுப்பாடும், கூடைக்கருகே அந்தத் துல்லியமும் எம்பல் குறைந்தபின்னும் இவரிடம் பெருமளவு மிஞ்சும். அப்படி ஒரு பருவத்தை அவர் ஆடினால், சராசரி குறைந்துவிட்டதே என்று தலையங்கம் எழுத வேண்டியதில்லை. அவர் எத்தனை முறை கூடையிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி நின்று எறிந்தார், ஏப்ரல் மாதத்தில் களத்தில் இருந்தாரா என்று எண்ணினால் போதும். காலம் இன்னும் கடந்துவிடவில்லை. அவருடைய ஒப்பந்தத்தின் கடைசிப் பருவமான 2027-28 முடியும்போது அவருக்கு வயது 27 இருக்கும். ஜான்சன் தன் பழைய எம்பலைச் சார்லட்டில் விட்டுவிட்டு நியூயார்க்குக்கு வந்தபோதும் அவருக்கு 27 வயதுதான்.